அழித்தாலும் திரும்பி வரும் ஸ்பைவேர்: வீட்டுக் கணினிக்கான கேள்வி பதில்கள்

விண்டோஸ் 10, 11 ஓடும் வீட்டுக் கணினிகளை மனத்தில் வைத்து எழுதியது. சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தார் கணினிகளைப் பார்த்துக் கொடுக்கும்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்தான் இங்கே இருக்கின்றன. அவசரத்தில் இருப்பவர்கள் பாஸ்வேர்டு பற்றிய பதிலையும், ஏன் திரும்பி வருகிறது என்ற பதிலையும் மட்டுமாவது படித்துவிடுங்கள்.

கணினி ரொம்ப மெதுவாகிவிட்டது. ஸ்பைவேராக இருக்குமா?

பெரும்பாலும் இருக்காது. பழைய சுழலும் ஹார்டு டிஸ்க், 4 ஜிபி ரேம், மூடாமல் விட்ட பிரவுசர் டேப்கள் என்று மெதுவாவதற்குச் சாதாரணக் காரணங்களே நிறைய உண்டு. ஸ்பைவேர் எனப்படும் இன்றைய உளவு நிரல்கள் கணினியைத் திணறடிப்பதில்லை. சத்தமில்லாமல் இருந்தால்தானே அவற்றின் வேலை நடக்கும்.

சந்தேகப்பட வேண்டிய அறிகுறிகள் வேறு. கூகுளில் தேடினால் வேறொரு தளத்தின் வழியாகச் சுற்றிப் போய் முடிவு வருவது. மாற்றி வைத்த முகப்புப் பக்கம் மறுநாள் பழையபடி ஆகிவிடுவது. விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்தால் உடனே மூடிக்கொள்வது, அல்லது அதில் உள்ள பொத்தான்கள் சாம்பல் நிறத்தில் அழுத்த முடியாமல் இருப்பது. ஆன்டிவைரஸ் நிறுவனங்களின் தளங்கள் மட்டும் திறக்காமல் போவது. நீங்கள் அனுப்பாத மெயில் உங்கள் கணக்கிலிருந்து போயிருப்பது.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். திரையின் வலது கீழ் மூலையில் "உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்" என்று அடிக்கடி எட்டிப் பார்க்கும் அறிவிப்பு பல நேரங்களில் ஸ்பைவேரே அல்ல. ஏதோ ஒரு தளம் அறிவிப்பு அனுப்ப அனுமதி கேட்டபோது யாரோ "அலவ்" கொடுத்திருப்பார்கள். பிரவுசர் செட்டிங்ஸில் சைட் பெர்மிஷன்ஸ், அதற்குள் நோட்டிஃபிகேஷன்ஸ் போய், தெரியாத தளங்களை எல்லாம் நீக்கினால் நின்றுவிடும். கடையில் காசு கொடுத்து ஃபார்மட் போட வேண்டிய அவசியமே இல்லை.

ஸ்பைவேர் இருப்பது உறுதி. முதலில் எதைச் செய்வது?

இணையத்தைத் துண்டியுங்கள். வைஃபையை அணையுங்கள், லேன் கேபிளைப் பிடுங்குங்கள். அப்புறம் *வேறொரு* கருவியிலிருந்து, அதாவது உங்கள் ஃபோனிலிருந்தோ வீட்டில் உள்ள இன்னொரு கணினியிலிருந்தோ, பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: நாள் முழுக்க ஸ்கேன் ஓட்டிவிட்டு, அதே கணினியில் உட்கார்ந்து புதிய பாஸ்வேர்டைத் தட்டுகிறார்கள். நீங்கள் தட்டும் எழுத்துகளைப் பதிவு செய்யும் கீலாக்கர் உள்ளே மிச்சமிருந்தால் புதியதும் போய்விடும்.

முதலில் மெயில் கணக்கு, ஏனென்றால் மற்ற எல்லாக் கணக்குகளையும் மீட்கும் வழி அதுதான். அடுத்து வங்கி, அடுத்து சமூக வலைத்தளங்கள். பாஸ்வேர்டை மாற்றுவதோடு நிறுத்தக் கூடாது. "எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு" என்பதையும் சேர்த்துச் செய்ய வேண்டும். இப்போது பரவலாக இருக்கும் திருட்டு நிரல்கள் பாஸ்வேர்டை மட்டும் எடுப்பதில்லை. நீங்கள் ஏற்கெனவே உள்ளே நுழைந்திருப்பதற்கு அடையாளமாக பிரவுசர் வைத்திருக்கும் குக்கியையும் அள்ளிக்கொண்டு போகின்றன. அந்தக் குக்கி கையில் இருப்பவரிடம் தளம் பாஸ்வேர்டும் கேட்காது, ஓடிபியும் கேட்காது. "ஓடிபி போட்டிருக்கிறேனே, எப்படிக் கணக்கு போனது?" என்று கேட்பவர்களுக்கு வழக்கமான பதில் இதுதான். வாட்ஸ்அப்பை கணினியில் திறந்து வைத்திருந்தால், ஃபோனில் லிங்க்டு டிவைசஸ் பட்டியலில் போய் அந்தக் கணினியையும் வெளியேற்றிவிடுங்கள்.

இது சின்ன அளவில் நடக்கும் தொழில் அல்ல. லும்மா என்ற திருட்டு நிரலின் வலையமைப்பை 2025 மே மாதத்தில் மைக்ரோசாஃப்டும் பல நாட்டு அமலாக்க அமைப்புகளும் சேர்ந்து முடக்கின. அதற்கு முந்தைய இரண்டு மாதங்களில் மட்டும் 3,94,000-க்கும் அதிகமான விண்டோஸ் கணினிகளில் அது இருந்ததாக மைக்ரோசாஃப்ட் சொன்னது.

பணம் போயிருந்தால் மற்றதெல்லாம் அப்புறம். இந்தியாவில் இருப்பவர்கள் உடனே 1930 என்ற எண்ணுக்கும் வங்கிக்கும் சொல்லுங்கள். சீக்கிரம் சொன்னால் பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்குள் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு.

ஸ்கேன் செய்து அழித்துவிட்டேன், "சுத்தம்" என்றும் சொன்னது. மறுநாள் மறுபடி வந்துவிட்டது. ஏன்?

ஆன்டிவைரஸ் பிடித்தது விளைவை. அதைத் திரும்ப அழைத்து வரும் ஒன்று இன்னும் உள்ளேயே இருக்கிறது. அடம்பிடிக்கும் ஸ்பைவேர் விஷயத்தில் வேலையே அந்த அழைப்பவனைக் கண்டுபிடிப்பதுதான். கோப்பை அழிப்பது சுலபமான பாதி.

இந்த உத்தி பழையது. 2003-இல் கூல்வெப்சர்ச் என்ற பிரவுசர் கடத்தல் நிரல் பரவியபோது, அதன் புதுப்புது வடிவங்களை அப்போதைய ஆன்டிவைரஸ்களால் சமாளிக்க முடியவில்லை. நெதர்லாந்து மாணவர் மெரிஜன் பெல்லெகாம் அதற்கென்றே சிடபிள்யூஷ்ரெடர் என்ற கருவியை எழுதினார். அவரே எழுதிய ஹைஜாக்திஸ், கணினி தொடங்கும்போது என்னென்ன ஓடுகிறது என்று பட்டியல் போட்டுக் காட்டும். அந்தப் பட்டியலைப் படித்து எதை நீக்கலாம் என்று சொல்வதற்கென்றே அந்தக் காலத்தில் தன்னார்வலர் கூட்டம் இருந்தது. பெயர்கள் மாறிவிட்டன, ஒளிந்துகொள்ளும் இடங்கள் அவ்வளவாக மாறவில்லை.

முதல் இடம் டாஸ்க் ஷெட்யூலர். "தினமும் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை இந்தக் கட்டளையை ஓட்டு" என்று ஒரு வேலை பதிவாகியிருக்கும். கட்டளை இணையத்திலிருந்து கோப்பை மறுபடி இறக்கும். நீங்கள் எத்தனை முறை கோப்பை அழித்தாலும் அதற்குக் கவலையில்லை. அந்த வேலைக்கு ஏதாவது அப்டேட்டர் மாதிரி அப்பாவிப் பெயர் இருக்கும். பெயரைப் பார்க்காதீர்கள், அது எந்தக் கோப்பை ஓட்டுகிறது என்று பாருங்கள். ஆப்டேட்டா, டெம்ப் போன்ற ஃபோல்டர்களுக்குள் இருக்கும் ஒன்றையோ, நீளமான பொருளற்ற எழுத்துகளோடு விண்டோஸின் கட்டளை நிரலான பவர்ஷெல்லையோ ஓட்டினால் சந்தேகப்படுங்கள்.

இரண்டாவது, ஒன்றையொன்று காவல் காக்கும் இரட்டை நிரல்கள். டாஸ்க் மேனேஜரில் ஒன்றை நிறுத்தினால் மற்றது நொடியில் அதை எழுப்பும்.

மூன்றாவது இடத்தைப் பலர் பார்ப்பதே இல்லை: விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் எக்ஸ்குளூஷன்ஸ் பட்டியல். ஸ்பைவேர் உள்ளே வந்ததும் "இந்த ஃபோல்டரை ஸ்கேன் செய்யாதே" என்று தன் வீட்டை அதில் எழுதிவிடும். சில சமயம் சி டிரைவ் முழுவதையுமே எழுதிவைக்கும். அதன் பிறகு முழு ஸ்கேன் ஓட்டினாலும் "எதுவும் இல்லை" என்றுதான் வரும். விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன் செட்டிங்ஸ் பக்கத்தின் அடியில் அந்தப் பட்டியல் இருக்கிறது. நீங்கள் சேர்க்காத எதுவும் அங்கே இருக்கக் கூடாது.

நான்காவது, பிரவுசர் சிங்க். கணினியில் எக்ஸ்டென்ஷனை (பிரவுசரோடு சேர்க்கும் சிறு நிரல்) நீக்குகிறீர்கள். ஆனால் அது உங்கள் கூகுள் கணக்கோடு சேர்ந்து இணையத்தில் சேமிக்கப்பட்டிருக்கிறது. மறுபடி உள்ளே நுழைந்ததும் கீழே இறங்கிவிடுகிறது. விண்டோஸையே புதிதாகப் போட்டாலும் இது வரும்.

கடைசியாக, டவுன்லோட்ஸ் ஃபோல்டர். ஸ்பைவேரைக் கொண்டுவந்த அதே இன்ஸ்டாலர் அங்கேயே கிடக்கும். வீட்டில் வேறு யாராவது அதை மறுபடி இரட்டை கிளிக் செய்வார்கள்.

சரி, எந்த வரிசையில் நீக்குவது?

தொடங்கும் முன் இரண்டு முன்னேற்பாடுகள். ஆவணங்களையும் படங்களையும் வெளி டிரைவில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள், நிரல் கோப்புகள் வேண்டாம். அடுத்தது பிட்லாக்கர் மீட்புச் சாவி. புதிய லேப்டாப்கள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். சேஃப் மோடுக்குப் போகும்போது 48 இலக்கச் சாவி கேட்டால் கையில் இல்லாமல் விழிக்கக் கூடாது. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது பெரும்பாலும் சேமிக்கப்பட்டிருக்கும். ஃபோனில் பார்த்துத் தாளில் எழுதி வையுங்கள்.

அப்புறம் செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலை நிறுவிய தேதிவாரியாக அடுக்குங்கள். தொல்லை தொடங்கிய நாளை ஒட்டி வந்தவற்றில் தெரியாததை முறைப்படி அன்இன்ஸ்டால் செய்யுங்கள். இதிலேயே ஒழியும் ரகமும் உண்டு, ஆகவே இதைத் தாண்டிப் போக வேண்டாம்.

அடுத்து சேஃப் மோட். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்தால் நீலத் திரை மெனு வரும். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ் வழியே போய் ரீஸ்டார்ட் கொடுத்து, பட்டியல் வந்ததும் 4-ஐ அழுத்துங்கள். சேஃப் மோடில் விண்டோஸ் தனக்கு அவசியமானவற்றை மட்டுமே ஏற்றுவதால், காவல் காக்கும் நிரல்கள் பெரும்பாலும் எழுந்திருப்பதில்லை. ஆட்டோரன்ஸ் என்ற கருவியை வைத்துத் தொடக்கப் பட்டியலைச் சுத்தம் செய்யும் இடம் இதுதான். அதைப் பற்றி அடுத்த பதிலில் விரிவாகச் சொல்கிறேன்.

பிறகு சாதாரணமாகத் திறந்து, எக்ஸ்குளூஷன்ஸ் பட்டியலைக் காலி செய்யுங்கள். டிஃபெண்டரின் செட்டிங்ஸை மற்ற நிரல்கள் மாற்ற விடாத டேம்பர் புரொடெக்‌ஷன் ஆனில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இனி இணையம் இணைக்கலாம். டிஃபெண்டரை அப்டேட் செய்துவிட்டு ஸ்கேன் ஆப்ஷன்ஸில் ஆஃப்லைன் ஸ்கேனைத் தேர்ந்தெடுங்கள். கணினி மறுபடி தொடங்கி, விண்டோஸ் முழுதாக எழும் முன்பே கால் மணி நேரம் போல ஸ்கேன் ஓடும். விண்டோஸுக்குள் ஒளிந்துகொள்ளத் தெரிந்தவை அப்போது ஒளிய முடியாது.

அதன் பின் இரண்டாவது அபிப்பிராயம். மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பு ஒன்று, அதே நிறுவனத்தின் ஆட்வ்கிளீனர் இன்னொன்று. விளம்பர நிரல், பிரவுசர் கடத்தல் வகைகளுக்கு ஆட்வ்கிளீனர் சட்டென்று வேலை செய்யும், நிறுவக்கூடத் தேவையில்லை. மைக்ரோசாஃப்டின் சேஃப்டி ஸ்கேனரும் நல்லதுதான். ஆனால் இறக்கிய 10 நாளில் காலாவதியாகிவிடும், ஆகவே போன வருடம் பென் டிரைவில் போட்டு வைத்ததைத் தேடாதீர்கள். கணினிக்குள்ளிருந்து எந்தக் கருவித் தளமும் திறக்கவில்லை என்றால் வேறு கணினியில் இறக்கி பென் டிரைவில் கொண்டுவாருங்கள்.

ஆட்டோரன்ஸ் பட்டியலைத் திறந்தாலே மிரட்சியாக இருக்கிறது. எதைப் பார்ப்பது?

ஆட்டோரன்ஸ், மார்க் ருசினோவிச் தன் சகாவோடு உருவாக்கிய சிஸ்இன்டர்னல்ஸ் கருவிகளில் ஒன்று. 2006-இல் மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்தை வாங்கியது, இப்போதும் அவர்கள் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதற்கு முந்தைய வருடம், சோனி பிஎம்ஜி இசைக் குறுந்தகடுகள் வாங்குபவர்களின் கணினியில் ரகசியமாக ரூட்கிட் (கணினிக்குள் தன்னை மறைத்துக்கொள்ளும் நிரல்) நிறுவுவதை வெளியே கொண்டுவந்தவரும் இவர்தான். பெரிய நிறுவனம் விற்கும் பொருளிலிருந்தே உளவு நிரல் வரலாம் என்று உலகம் பார்த்தது அப்போதுதான்.

அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டுங்கள். முதல் வேலையாக ஆப்ஷன்ஸ் மெனுவில் மைக்ரோசாஃப்ட் பதிவுகளை மறைக்கும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். நூற்றுக்கணக்கான வரிகள் சில பத்துகளாகக் குறைந்துவிடும். அடுத்து ஸ்கேன் ஆப்ஷன்ஸில் கையெழுத்துச் சரிபார்ப்பையும், பல ஆன்டிவைரஸ்களிடம் ஒரே நேரத்தில் கேட்டுச் சொல்லும் இணையதளமான வைரஸ்டோட்டலின் சரிபார்ப்பையும் இயக்குங்கள். வைரஸ்டோட்டலுக்கு இணையம் வேண்டும், அதனால் இந்தச் சரிபார்ப்பை மட்டும் சாதாரண மோடில் ஒருமுறை செய்து சந்தேகப் பெயர்களைக் குறித்துக்கொண்டு, நீக்குவதை சேஃப் மோடில் வைத்துக்கொள்ளலாம். இயல்பாக, கோப்பு அந்தத் தளத்துக்குப் போவதில்லை, அதன் கைரேகை போன்ற ஹேஷ் மட்டுமே போகிறது. எத்தனை ஆன்டிவைரஸ்கள் அதைக் கெட்டது என்கின்றன என்று சிவப்பில் எண் வரும். எழுபதில் ஒன்றிரண்டு மட்டும் சொன்னால் அது தப்பு எச்சரிக்கையாகவே இருக்கலாம். முப்பது சொன்னால் யோசிக்க ஒன்றுமில்லை.

இளஞ்சிவப்பு வரி என்றால் வெளியீட்டாளர் விவரமோ சரியான டிஜிட்டல் கையெழுத்தோ இல்லை. மஞ்சள் வரி என்றால் அது சுட்டும் கோப்பே இல்லை. முன்பு அழிக்கப்பட்டதன் எச்சமாக இருக்கும். இளஞ்சிவப்பாக இருப்பதாலேயே கெட்டது என்று அர்த்தமில்லை. தமிழ்த் தட்டச்சுக்கான பழைய சிறு நிரல்கள், மலிவு விலை பிரின்டர்களின் டிரைவர்கள்கூட அப்படி வரும்.

எதையும் எடுத்தவுடன் அழிக்காதீர்கள். டிக்கை மட்டும் எடுங்கள். தவறாகிவிட்டால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். லாகான், ஷெட்யூல்டு டாஸ்க்ஸ், சர்வீசஸ், டபிள்யூஎம்ஐ ஆகிய தாவல்களை அவசியம் பாருங்கள். விண்டோஸை நிர்வகிக்கும் உள்வசதியான டபிள்யூஎம்ஐயின் தாவல் வீட்டுக் கணினியில் பொதுவாகக் காலியாக அல்லது கிட்டத்தட்டக் காலியாக இருக்கும். அங்கே ஒரு ஸ்கிரிப்ட் உட்கார்ந்திருந்தால் அநேகமாக நீங்கள் தேடிய ஆள் அதுதான்.

டிக்கை எடுத்து, எஃப்5 அழுத்தியதும் அதே வரி மறுபடி டிக்கோடு வந்து நிற்கிறதா? அப்படியென்றால் ஓடிக்கொண்டிருக்கும் ஏதோ ஒன்று அதைத் திரும்ப எழுதுகிறது. அதே தொகுப்பில் உள்ள புராசஸ் எக்ஸ்புளோரரைத் திறந்து, சந்தேகமான நிரல்களை உடனே கொல்லாமல், ஒவ்வொன்றாக சஸ்பெண்ட் செய்யுங்கள். சஸ்பெண்ட் ஆன நிரல் உயிரோடு இருப்பதாகவே அதன் ஜோடி நினைத்துக்கொள்ளும், எழுப்ப வராது. எல்லாவற்றையும் உறையவைத்த பிறகு மொத்தமாகக் கொன்று, டிக்குகளை எடுத்து, கணினியை மறுபடி தொடங்குங்கள்.

டிஃபெண்டர் போதுமா? காசு கொடுத்து வாங்க வேண்டுமா?

வீட்டுக்குப் போதும். இரண்டு ஆன்டிவைரஸ்களை முழுநேரமும் ஒன்றாக ஓடவிடுவதுதான் கெடுதல். ஒன்றோடொன்று மோதிக் கணினி படுத்துவிடும். இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2017-இல் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திராவின் தளத்திலும் இலவச நீக்கும் கருவிகள் இருக்கின்றன. குரோமுக்குள்ளேயே இருந்த சுத்தம் செய்யும் கருவியை 2023-இல் கூகுள் எடுத்துவிட்டது, ஆகவே பழைய கட்டுரைகள் சொல்வதைப் பார்த்து அதைத் தேட வேண்டாம்.

குரோமில் "உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது" என்று வருகிறது. இது வீட்டுக் கணினிதானே?

அலுவலகங்கள் தங்கள் கணினிகளைக் கட்டுப்படுத்த பாலிசி என்ற வசதி உண்டு. விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஸ்பைவேர் அதே பாலிசியை எழுதி, ஒரு எக்ஸ்டென்ஷனைக் கட்டாயமாக நிறுவ வைக்கும். அதனால்தான் அந்த எக்ஸ்டென்ஷனுக்கு நீக்கும் பொத்தானே இருக்காது. சில ஆன்டிவைரஸ்களும் பாஸ்வேர்டு மேலாளர்களும் நல்ல எண்ணத்தோடு பாலிசி எழுதுவது உண்டு, ஆகவே பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் லோக்கல் மெஷின், கரண்ட் யூசர் இரண்டின் கீழும் சாஃப்ட்வேர், பாலிசீஸ், கூகுள், குரோம் என்று வரிசையாகத் திறந்து பாருங்கள். எக்ஸ்டென்ஷன் இன்ஸ்டால் ஃபோர்ஸ்லிஸ்ட் என்ற பெயரில் ஒரு கிளை இருந்தால், முதலில் அதை எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொண்டு பிறகு நீக்குங்கள். எட்ஜுக்கு மைக்ரோசாஃப்ட் கிளைக்குள் இதேபோல இருக்கும். அப்புறம் கணக்கின் சிங்க்கை நிறுத்தி, இணையத்தில் சேமித்திருக்கும் சிங்க் தரவையும் அழித்து, பிரவுசரை ரீசெட் செய்யுங்கள். புக்மார்க்குகளை முன்னதாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டெஸ்க்டாப்பில் உள்ள பிரவுசர் ஷார்ட்கட்டின் பிராபர்ட்டீஸையும் ஒரு பார்வை பாருங்கள். டார்கெட் வரியின் கடைசியில் ஏதாவது இணைய முகவரி ஒட்டியிருந்தால் ஷார்ட்கட்டையே தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக உருவாக்குங்கள்.

எல்லாம் சுத்தம். ஆனாலும் தளங்கள் வேறெங்கோ போகின்றன. வீட்டில் ஃபோனிலும் அப்படியே.

ஃபோனிலும் என்றால் கணினியை விட்டுவிட்டு ரூட்டரைப் பாருங்கள். தளத்தின் பெயரைச் சொன்னால் அது இருக்கும் இடத்தைக் காட்டும் டிஎன்எஸ் சர்வரின் முகவரி அதில் மாற்றப்பட்டிருக்கலாம். டிஎன்எஸ்சேஞ்சர் என்ற நிரல் இதை வைத்தே உலகம் முழுவதும் சுமார் 40 லட்சம் கணினிகளைத் தவறான பக்கங்களுக்குத் திருப்பியது. 2011 நவம்பரில் எஃப்பிஐ அதன் பின்னணியில் இருந்த எஸ்டோனியக் கும்பலைப் பிடித்தது. அந்தச் சர்வர்களை உடனே அணைத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு இணையமே வராது என்பதால், 2012 ஜூலை 9 வரை மாற்றுச் சர்வர்களை ஓட்ட வேண்டியிருந்தது. ரூட்டரின் ஆரம்ப பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டவர்களின் ரூட்டருக்குள்ளும் அது புகுந்தது.

ரூட்டரை ஃபேக்டரி ரீசெட் செய்து, ஃபர்ம்வேர் அப்டேட் இருந்தால் போட்டு, நிர்வாக பாஸ்வேர்டை மாற்றுங்கள். ரீசெட்டுக்கு முன் இணைய இணைப்பு கொடுத்தவரிடம் யூசர்நேம், பாஸ்வேர்டு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஆள் வரும் வரை இணையம் இருக்காது. கணினியில் மட்டும் இந்தத் தொல்லை என்றால் விண்டோஸின் பிராக்ஸி செட்டிங்கையும், தளப் பெயர்களுக்கு முகவரி எழுதி வைக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பையும் பார்த்தால் போதும்.

கிராக் போட்ட மென்பொருளால்தான் வந்ததா?

அநேகமாக. வீட்டுக் கணினிகளில் இது எப்படி நுழைந்தது என்று பின்னோக்கிப் போனால் முக்கால்வாசி நேரம் ஒரு கிராக் (லைசென்ஸ் பூட்டை உடைக்கும் நிரல்), ஒரு ஆக்டிவேட்டர், விளையாட்டில் ஏமாற்றி ஜெயிக்க உதவும் ஒரு நிரல் என்று ஏதாவது ஒன்றில்தான் போய் முட்டும். அவற்றோடு வரும் குறிப்பின் முதல் வரி எப்போதும் ஒன்றுதான்: "ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவவும்." கதவைத் திறந்துவிடும் வேலையை நாமே செய்துவிடுகிறோம். 2021-இல், விண்டோஸைத் திருட்டுத்தனமாக ஆக்டிவேட் செய்யும் கேஎம்எஸ்பிகோவின் போலிப் பதிப்புகள் கிரிப்ட்பாட் என்ற திருட்டு நிரலைச் சேர்த்தே நிறுவியதை ரெட் கேனரி என்ற பாதுகாப்பு நிறுவனம் ஆராய்ந்து வெளியிட்டது.

பல இடங்களில் வாங்கும்போதே விண்டோஸும் ஆஃபீஸும் கிராக்கோடுதான் வருகின்றன, வாங்கியவருக்கே தெரியாது. கடைக்காரர் "எல்லாம் போட்டுத் தந்திருக்கிறேன் சார்" என்றால், ரசீதில் விண்டோஸ் லைசென்ஸ் தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். கிராக்கை வைத்துக்கொண்டே ஸ்பைவேரை மட்டும் நீக்கித் தரச் சொன்னால், என்னைக் கேட்டால், அந்த வேலையை எடுத்துக்கொள்ளவே கூடாது. ஆஃபீஸுக்குப் பதில் லிப்ரே ஆஃபீஸ் இலவசம். கடிதம், கணக்கு எழுத அது தாராளம்.

"நான் ரோபோ அல்ல" என்று காட்டச் சொன்ன ஒரு பக்கம், விண்டோஸ் விசையையும் ஆர் எழுத்தையும் அழுத்தச் சொன்னது. செய்துவிட்டேன்.

உடனே இணையத்தைத் துண்டித்து, மேலே சொன்ன பாஸ்வேர்டு வேலையைத் தொடங்குங்கள். அந்தப் பக்கம் உங்களுக்குத் தெரியாமல் ஒரு கட்டளையை நகலெடுத்து வைத்திருக்கும். ரன் பெட்டியைத் திறந்து, கன்ட்ரோல் வி, என்டர் என்று நீங்களே உங்கள் கையால் அதை ஓட்டியிருக்கிறீர்கள். 2024-லிருந்து இந்த வலை ரொம்பப் பரவியிருக்கிறது. நிஜமான எந்த கேப்ட்சாவும் ரன் பெட்டியைத் திறக்கச் சொல்லாது. இந்த வழியில் வருவது பெரும்பாலும் திருட்டு நிரல்தான். சில நிமிடங்களில் அள்ளிக்கொண்டு அடையாளமின்றிப் போய்விடும் ரகமும் இதில் உண்டு, ஆகவே "ஸ்கேனில் ஒன்றும் வரவில்லை" என்பதை வைத்து நிம்மதி அடைய முடியாது.

மைக்ரோசாஃப்டிலிருந்து பேசுவதாக ஒருவர் ஃபோன் செய்து, ஈவென்ட் வியூவரில் நிறையப் பிழைகளைக் காட்டினார்.

ஆரோக்கியமான கணினியிலும் ஈவென்ட் வியூவரில் சிவப்பு வரிகள் இருக்கும். மைக்ரோசாஃப்ட் தானாக யாருக்கும் ஃபோன் செய்வதில்லை. எனிடெஸ்க் போன்ற தூரத்திலிருந்து இயக்கும் நிரலை அவர் சொல்லி நிறுவியிருந்தால் அதை நீக்குங்கள். அவர் திரையைக் கையில் வைத்திருந்த நேரத்தில் வங்கிப் பக்கம் திறந்திருந்ததா என்று யோசித்து, திறந்திருந்தால் வங்கிக்குச் சொல்லுங்கள்.

எப்போது முயற்சியை விட்டுவிட்டு ஃபார்மட் போடலாம்?

நான் வைத்திருக்கும் கணக்கு: ஒரு மாலைப் பொழுது. மேலே சொன்னதையெல்லாம் ஒருமுறை ஒழுங்காகச் செய்தும் மறுநாள் ஏதாவது தலைகாட்டினால் ஃபார்மட். வங்கி வேலை நடக்கும் கணினியில் கீலாக்கரோ, தூரத்திலிருந்து இயக்கும் நிரலோ, திருட்டு நிரலோ இருந்தது உறுதியானால் அந்த ஒரு மாலையும் வேண்டாம், நேராக ஃபார்மட்தான். அப்படிப்பட்ட கணினியை "சுத்தம் செய்துவிட்டேன்" என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

ரீசெட் திஸ் பிசியில் கோப்புகளை வைத்துக்கொள்ளும் வழி விளம்பர நிரல்களுக்குப் போதும். பெரிய தொல்லைக்கு ரிமூவ் எவ்ரிதிங், அதிலும் கிளவுட் டவுன்லோட். சுமார் 4 ஜிபி இறக்கும், டேட்டாவைப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னும் நல்லது, வேறொரு சுத்தமான கணினியில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் வைத்து 8 ஜிபி பென் டிரைவில் விண்டோஸைத் தயார் செய்து, நிறுவும்போது பழைய பார்ட்டிஷன்களை எல்லாம் நீக்கிவிட்டுப் போடுவது. டி டிரைவில் இருப்பதும் போய்விடும் என்பதால் முதலில் நகல் எடுத்துவிடுங்கள். அசல் விண்டோஸோடு வந்த லேப்டாப் என்றால் லைசென்ஸ் கவலை வேண்டாம், இணையம் இணைந்ததும் தானாக ஆக்டிவேட் ஆகும்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்துவிட்டது. எப்படியும் புதிதாகப் போடப் போகிறீர்கள் என்றால், கணினி தாங்குமானால் 11-ஐயே போடுங்கள்.

ஃபார்மட் போட்ட பிறகும் வருகிறதே! மதர்போர்டிலேயே இருக்குமா?

அப்படி ஒன்று உண்டு. லோஜாக்ஸ் என்ற, கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் யூஇஎஃப்ஐ நிரல் இருக்கும் மதர்போர்டு சிப்புக்குள் குடியேறும் ரூட்கிட்டை 2018-இல் இசெட் நிறுவனம் கண்டுபிடித்தது. ஆனால் அது அரசு அமைப்புகளைக் குறிவைத்தது. வீட்டுக் கணினியில் நடப்பது இதைவிடச் சாதாரணம். சி டிரைவை மட்டும் ஃபார்மட் போட்டிருப்பார்கள், டி டிரைவில் இருக்கும் பழைய இன்ஸ்டாலர்களைக் கொண்டே எல்லாவற்றையும் மறுபடி நிறுவியிருப்பார்கள். அல்லது பிரவுசர் சிங்க். அல்லது ரூட்டர். கடையில் ஃபார்மட் போட்டு அதே கிராக்கை மறுபடி ஓட்டிக் கொடுத்திருப்பதும் நடக்கிறது.

வீட்டில் இருப்பவரே என்னைக் கண்காணிக்கப் போட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

இந்த ஒரு சூழ்நிலையில் மட்டும் உடனே நீக்காதீர்கள். நீக்கியதும் போட்டவருக்குத் தெரிந்துவிடும். அவரால் உங்களுக்கு ஆபத்து உண்டு என்றால் அதுதான் மிக மோசமான நேரம். அந்தக் கணினியில் எதையும் தேடாமல், அவர் கைபடாத ஒரு ஃபோனிலிருந்து நம்பிக்கையான ஒருவரிடம் பேசுங்கள். இந்தியாவில் பெண்களுக்கு 181 என்ற உதவி எண் இருக்கிறது. அடுத்தவர் கணினிக்குள் அனுமதியின்றி நுழைந்து தகவல் எடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66-ஆம் பிரிவுகளின்படி குற்றம். மணமானவர் என்பதால் அந்த அனுமதி தானாக வந்துவிடாது. புகார் கொடுக்கும் எண்ணம் இருந்தால் கணினியைத் தொடாமல் அப்படியே வைப்பது சாட்சியத்துக்கு உதவும். ஃபோனில் திரையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளலாம்.

நீக்கியாகிவிட்டது. போய்விட்டது என்று எதை வைத்து நம்புவது?

இரண்டு வாரம் பாருங்கள். அதற்குள் டிஃபெண்டரின் புரொடெக்‌ஷன் ஹிஸ்டரியில் அதே பெயர் மறுபடி வரக் கூடாது, எக்ஸ்குளூஷன்ஸ் காலியாகவே இருக்க வேண்டும், கணக்குகளில் தெரியாத இடத்திலிருந்து நுழைவு இருக்கக் கூடாது. அன்றாட வேலைக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் அல்லாத சாதாரணக் கணக்கைப் பயன்படுத்த ஆரம்பிக்கவும் இதுவே நேரம், முக்கியமாகப் பிள்ளைகளுக்கு.

சுத்தமாக இருக்கும் இந்த நிலையில் ஆட்டோரன்ஸைத் திறந்து பட்டியலை ஒரு கோப்பாகச் சேமித்து பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சந்தேகம் வந்தால் ஃபைல் மெனுவில் கம்பேர் கொடுத்து அந்தக் கோப்பைக் காட்டுங்கள். புதிதாகச் சேர்ந்த வரிகள் மட்டும் பச்சையில் தனியாகத் தெரியும்.